தைலம் இல்லாத வீடு

தம்பி,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. முந்தாநாள்தான் சிரம்பானிலிருந்து போன் பண்ணி அரை மணி நேரம் பேசினாய். விசா வந்துவிட்டது, கட்டிலையும் அலமாரியையும் யாருக்குக் கொடுப்பது, பெர்த்தில் குளிர் எப்படி இருக்கும் என்றெல்லாம் சொன்னாய். கடைசியில் சிரித்துக்கொண்டே, "அம்மா, அங்க தெருவெல்லாம் யூக்கலிப்டஸ் மரம்தானாம்லா. நீ வந்தா மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் நடக்கணும்" என்றாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் வீடு தெரியவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன்.

நம் வீட்டில் அந்தத் தைலம் இருந்ததே இல்லை. தோட்டத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சீசா நிற்கும். நம் வீட்டில் மட்டும் நிற்காது. உனக்குச் சளி பிடித்தால் ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றுவேன், துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவேன். உனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது நினைவிருக்கிறதா? விடாத மழை, விடாத இருமல். உன் அப்பா லுக்குட் கடையிலிருந்து ஒரு பச்சைச் சீசா வாங்கிவந்து, உன் சட்டையைத் தூக்கி நெஞ்சில் தேய்க்கக் குனிந்தார். அடுப்படியில் இருந்த எனக்கு அந்த மணம் வந்தது. ஓடிவந்து சீசாவைப் பிடுங்கி வாசல் கால்வாயில் எறிந்தேன். "பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? என் உசுரக் காப்பாத்துன மருந்துடி அது!" என்று அவர் கத்தினார். ஒரு வாரம் வாசலில் அந்த மணம் போகவில்லை. நீ பாயில் உட்கார்ந்து, "ஏம்மா எறிஞ்ச?" என்று கேட்டாய். மழையில் நனையாதே என்று உன்னைத் திட்டி அந்தப் பேச்சை மாற்றினேன். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் கல்யாணமாகி வந்து இறங்கிய தோட்டம் லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது. துரை பங்களாவுக்குப் பின்னால் அந்த யூக்கலிப்டஸ் மரங்கள் இரண்டு நின்றன. ரப்பர் மரங்களுக்கு நடுவே அவை வெளியூர்ச் சம்பந்திகள் மாதிரி ஒதுங்கி நிற்கும். வெளுத்த உடம்பு. வருஷத்துக்கு ஒருமுறை பட்டை நீள நீளமாகக் கழன்று தொங்கும். தோட்டத்தைத் திறந்த முதல் துரை வரிசையாக நட்டதாம். போன நூற்றாண்டு வெள்ளைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை, இந்த மரம் நின்றால் காய்ச்சல் அண்டாது, சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றை எல்லாம் அது குடித்துவிடும் என்று. நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மட்டும் பிழைத்தன. நட்ட துரை காய்ச்சலில்தான் செத்தார் என்று எங்கள் கங்காணி சொல்வார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தோஷம்.

இப்போதும் மத்தியானத்தில் கண் அயரும்போது அந்த மரங்கள் வரும், தம்பி. ஆற்றுப் பக்கத்திலிருந்து பனி எழுந்து லயத்து வரிசை வீடுகளின் கூரை வரைக்கும் மூடியிருக்கும். அதற்கு மேல் இரண்டு வெள்ளை உடம்புகள் மட்டும் தெரியும். யாரோ இருமுகிற சத்தம் கேட்கும். நான் அந்தப் பக்கம் நடப்பேன். நடக்க நடக்க மரங்கள் கிட்டே வராது. இலை மணம் மட்டும் கிட்டே வரும். விழித்துப் பார்த்தால் மடியில் பத்திரிகை, வாசலில் ஐஸ்கிரீம்காரன் மணி. பயப்படுகிற கனவு இல்லை அது. விழித்த பிறகு திரும்பிப் போகலாமா என்றுகூடத் தோன்றும்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு இருபது வயது. துரை ஒரே நாளில் காரில் ஏறிப் போய்விட்டார். பங்களா நாய்கூடக் கட்டிப்போட்டபடியே கிடந்தது. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்காதே. நீளமாக ஒரு கூடம், பத்துக் கட்டில், நடுவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மறைப்பாக ஒரு கோணிச் சாக்குத் திரை. டவுனிலிருந்து வாரம் ஒருமுறை வந்த டாக்டரும் நின்றுபோனார். மிச்சம் இருந்தது டிரஸ்ஸர் ஒருவர்தான். காயம் கட்டுவதும் மருந்து கலக்குவதும் அவர் வேலை. இப்போது டாக்டர் வேலையும் அவர் தலையில். நாகப்பட்டினத்துக்காரர், கோபக்காரர், கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருப்பார். மருந்து அலமாரிச் சாவியை மட்டும் என்னிடம் கொடுத்திருந்தார். "நான் எங்கயாச்சும் வெச்சுட்டுத் தேடுவேன். நீ இடுப்புல சொருகிக்க" என்பார்.

யுத்தத்துக்கு முன்னால் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்தில், டிரஸ்ஸர் வாளியில் கொய்னாத் தண்ணீரோடு நிற்பார். குளிர்க்காய்ச்சல் வராமலிருக்க ஒவ்வொருவரும் அவர் கண்முன் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மரம் சீவப் போக வேண்டும். எல்லாரும் திட்டிக்கொண்டே குடிப்பார்கள். அந்தக் கொய்னா தீர்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. வீட்டுக்கு வீடு நடுக்கம். மரவள்ளிக் கிழங்கைத் தின்று வீங்கிய உடம்புகள் காய்ச்சலுக்கு நிற்குமா? டிரஸ்ஸர் பங்களாவுக்குள் போய்த் துரை விட்டுப்போன புத்தகங்களைக் கிளறி, கரையான் அரித்த ஒரு வைத்தியப் புத்தகத்தை எடுத்துவந்தார். முதல் துரை கொண்டுவந்தது. திரும்பத் திரும்பப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார்.

"இங்க பாரும்மா, இந்த மரத்து இலைச் சாறு குளிர்க்காய்ச்சலுக்குக் கேக்கும்னு போட்டிருக்கான். நெஞ்சுச் சளி, ஆறாத புண்ணு, எல்லாத்துக்குமாம்."

"நெஜமா கேக்குமா ஐயா?"

"எங்க தாத்தா காலத்துல எழுதுனது. கேக்கும்னு அவன் நம்பியிருக்கான். வேற என்ன இருக்கு நம்ம கையில? நீயும் நம்பு."

நம்பினோம். தைலம் இறக்க ஆள் வேண்டுமே, அதற்கு முனியாண்டியைப் பிடித்தோம். அதுவரைக்கும் காட்டுக்குள் திருட்டுத்தனமாகச் சம்சு காய்ச்சி, மூன்று தடவை பிடிபட்டு, துரையிடம் உதை வாங்கியவன். டிரஸ்ஸர் கூப்பிட்டு அனுப்பியதும் நடுங்கிக்கொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இம்புட்டுதானா? சாராயம் எறக்குற மாதிரிதான்யா. ஆவி ஒண்ணுதானே" என்று சட்டியும் குழாயும் கொண்டுவந்து ஆஸ்பத்திரிப் பின்கட்டில் அடுப்புப் போட்டுவிட்டான். அண்டா நிறைய இலையைத் திணித்து, மூடி, வாயை மண்ணால் பூசி, மூங்கில் குழாய் மேல் நனைந்த சாக்கைப் போர்த்தினான். உன் அப்பா மரத்தில் ஏறி இலை ஒடித்துப் போடுவார், நான் கூடையில் அள்ளுவேன். விடிகாலை தொடங்கி எரித்தால் மத்தியானத்துக்கு ஒரு விரற்கடைத் தைலம் தண்ணீர் மேல் மிதக்கும். முதல் நாள் அது சொட்டியபோது முனியாண்டி நாக்கை நீட்டிவிட்டான், பழக்க தோஷம். அன்று சிரித்த சிரிப்பு! அந்தக் காலத்தில் நாங்கள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன். என் புடவை, உன் அப்பா தலை, சாப்பிட்ட கிழங்கு எல்லாவற்றிலும் அந்த மணம். கொடிய காலம்தான். ஆனால் என் வயதும் இருபதுதானே, அந்தப் புகைக்குள் உன் அப்பா மரத்திலிருந்து இறங்கி வருவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

காய்ச்சலுக்கு அது கேட்கவில்லை. இலையைக் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தைக் குடித்தவர்களும் மூன்றாம் நாள் அதே நேரத்துக்கு நடுங்கினார்கள். நெஞ்சுச் சளிக்கு மட்டும் தைலம் கொஞ்சம் இதமாக இருந்தது. ஆனால் ஜனங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. கொய்னாவுக்குக் கசப்பு எப்படியோ அப்படி இதற்கு மணம். மணம் மூக்கில் ஏறினால் மருந்து உள்ளே போய்விட்டது என்று நம்பினார்கள். தேய்த்துவிட்டால் ஒரு மூச்சு இழுத்து, "ஆங், இப்பத்தேவல" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். டிரஸ்ஸர் மட்டும் அந்தப் புத்தகத்தை மறுபடி திறக்கவில்லை.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போட, மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். முதல் லாரியில் தானாகவே ஏறியவர்கள்கூட உண்டு. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அடுத்த லாரிக்கு யாரும் ஏறவில்லை, அவர்களே வந்து ஏற்றினார்கள். அந்த இரண்டாவது லாரியில் போனவர்தான் அஞ்சலையின் புருஷன். அஞ்சலை எங்கள் லயத்தில் நான்காவது வீடு. என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாயாடி, என்னை "அக்கா அக்கா" என்று சுற்றி வருவாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண். பவுனு என்று பெயர். கறுப்பாக, உருண்டையாக, நான் வாசலைத் தாண்டும்போதெல்லாம் என் புடவையைப் பிடித்து மோந்து பார்த்து, "மருந்து அத்தை" என்று சிரிக்கும்.

படுக்கையில் கிடக்கிறவனை லாரியில் ஏற்ற மாட்டார்கள். அதிலும் பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பான் அதிகாரிக்கு நோய் என்றால் நடுக்கம். நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம் அல்லவா, அவர் வாசலில் நின்று மோந்து பார்ப்பார். தைல மணம் அடர்ந்திருந்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார். டிரஸ்ஸர் இதைக் கவனித்துவைத்திருந்தார். பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று தெரிந்தால், நல்ல ஆளைக் கட்டிலில் போட்டு, நெஞ்சிலும் தலையிலும் தைலத்தைக் கொட்டித் தேய்த்துப் போர்த்திவிடச் சொல்வார். இப்படி நான்கு பேரைத் தப்பவைத்தோம். மருந்தாக அது செய்ததைவிட இது பெரிது. அதற்குள் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற லாரிக்கு விறகு வேண்டும் என்று அந்த இரண்டு மரங்களையும் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். முனியாண்டி அடுப்பு அணைந்தது. அலமாரியில் கடைசிச் சீசா, அதில் அடியில் இரண்டு விரற்கடை.

அப்படி இருக்கும்போதுதான் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி ரகசியமாக வந்து, அடுத்த லாரி நாளைக் காலை, பட்டியலில் உன் அப்பா பெயர் இருக்கிறது என்று சொன்னார். மத்தியானமே உன் அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்தோம். டிரஸ்ஸர், "எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்டார். சீசாவைத் தூக்கிக் காட்டினேன். "ஒரு ஆளுக்குத்தான் காணும். இப்ப தேய்க்காத, ராத்திரிக்குள்ள மணம் எறங்கிரும். காலையில பெரட்டுக்கு முந்தித் தேயி" என்று சொல்லிவிட்டு லயத்தில் காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போனார். நான் சீசாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகினேன். சொருகிய கை அங்கேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அஞ்சலை பவுனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டது. இருமல் சாதாரண இருமல் இல்லை, நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"அக்கா, ரெண்டு நாளா இப்படித்தான் கெடக்கு. நெஞ்சுல கொஞ்சம் தைலம் தேச்சு விடுக்கா. மணம் ஏறுனா தூங்கிரும்."

"தைலம் இல்லடி."

"ஒரு சொட்டு இருக்காதா? சீசாவக் கழுவுன தண்ணியாச்சும் குடுக்கா."

"இல்லன்னா இல்லதான். மரத்த வெட்டிட்டானுங்க, நீயும்தானே பாத்த? எங்கேருந்து கொண்டாரச் சொல்ற?"

கோபப்பட்ட மாதிரி சொன்னேன். பொய் சொல்லும்போது எனக்குக் கோபம் சேர்ந்தே வரும், அது உனக்குத் தெரியும். அவள் என்னை நம்பினாள். பவுனு அவள் தோளிலிருந்து கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டது. நான் மெதுவாக விரல்களைப் பிரித்து எடுத்தேன். பெண்கள் பக்கத்தில், சாக்குத் திரையை ஒட்டிய கட்டிலில் குழந்தையைப் படுக்கவைக்கச் சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்கப் போனேன். ஒரு சொட்டு கொடுத்திருந்தால் மீதி உன் அப்பாவுக்குப் போதாமல் போயிருக்குமா? தெரியாது. அன்று நான் அளந்து பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்தால் சீசா இருப்பது தெரிந்துவிடும் என்றுதான் பயந்தேன்.

விடிகாலையில் உன் அப்பா நெஞ்சில் தைலத்தைக் கொட்டினேன். கொட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அது என்ன மூடிவைக்கிற பொருளா? ஒரு சாக்குத் துணிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை உட்கார்ந்திருக்கிறாள். மணம் கூடம் முழுதும் எழுந்து, கூரைக்குப் போய், இறங்கி, எல்லாக் கட்டில் மேலும் படிந்தது. யுத்தம், பசி, லாரி எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போன மாதிரி கூடத்தில் ஒரு அமைதி. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். திரை ஒதுங்கியது. அஞ்சலை குழந்தையை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். காலிச் சீசாவைப் பார்த்தாள். என் கை மட்டும் நிற்கவில்லை, அது பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி அன்று வாசலில் நிற்கவில்லை. யாரோ அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, பூட்ஸ் சத்தத்தோடு உள்ளே வந்துவிட்டார். பின்னால் கிராணி. உன் அப்பா கட்டில் அருகே நின்று, போர்வையைக் கம்பால் விலக்கி, "சாகிட்?" என்று மலாயில் கேட்டார், நோயா என்று. டிரஸ்ஸர் தலையை ஆட்டினார். அதிகாரி நம்பவில்லை. குனிந்து உன் அப்பாவின் கையைப் பார்த்தார். தினம் முந்நூறு மரம் சீவுகிற கை, தம்பி, அதை எந்தப் போர்வையாலும் மறைக்க முடியாது. பிறகு நிமிர்ந்து, திரை ஓரத்தில் இருந்த அஞ்சலையைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். அவளுக்கும் அந்த அளவு மலாய் தெரியும். ஒரு வார்த்தை போதும். அவள் உதடு பிரிந்தது. அதே நேரத்தில் மடியில் இருந்த பவுனு இருமியது. குரைக்கிற அந்த இருமல், நீளமாக, விடாமல். அதிகாரி சுடுதண்ணீர் பட்டது போல் பின்வாங்கினார். வாசலை அடையும் வரை கைக்குட்டையை எடுக்கவில்லை. லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. உன் அப்பா அதில் இல்லை.

பவுனு மறுநாள் மத்தியானம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சீசாக்கள் வந்த மரப்பெட்டியில்தான் வைத்துக் கொண்டுபோனோம். முனியாண்டி குழி வெட்டினான். அஞ்சலை என்னைக் கிட்டே வரவிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அவள் புருஷனும் சயாமிலிருந்து திரும்பவில்லை. யுத்தம் முடிந்ததும் தம்பினில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். உன் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு நடந்தாள். அன்று அவள் வாயைத் திறந்திருந்தால் நீ இல்லை. இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் இல்லை என்றேன், அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மையின் கீழ் நான் குனிந்தே வாழ்ந்தேன். உன் அப்பாவோ, பாவம், கல்யாண வீடு சாவு வீடு எங்கே போனாலும், "எம் பொண்டாட்டி தேச்ச தைலந்தான் என்னைய சயாமுக்கு அனுப்பாம வெச்சுது" என்று பெருமை அடித்துக்கொள்வார். அவருக்கு நான் சொல்லவே இல்லை. சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன். அது என் இரண்டாவது தப்பு.

நீ மருந்து படிக்கிற காலத்தில் லீவுக்கு வந்திருந்தாய். புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "அம்மா, உனக்குப் புடிக்காத மரம் இருக்கே, போன நூற்றாண்டுல அத மலேரியாவுக்கே மருந்துன்னு குடுத்திருக்காங்க. ஒண்ணுத்துக்கும் கேக்கலயாம்" என்றாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நாய் குரைக்கிற மாதிரி இருமுகிற குழந்தைக்கு என்று இழுத்தேன். "அது தொண்டை அடைப்பானா இருந்திருக்கும். அதுக்குத் தைலம் என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாய். எனக்குத் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்கூட. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் புரிந்தது. தைலத்தால் பிரயோஜனம் இல்லை என்று உனக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரியாதே! அது அந்தக் குழந்தையைப் பிழைக்கவைக்கும் என்று நம்பிக்கொண்டேதான் இல்லை என்று சொன்னேன்.

உன் போன் வந்த மறுநாள், அதாவது நேற்று, பஸ் ஏறித் தம்பினுக்குப் போனேன். பாசார் அருகே கடையில் ஒரு சீசா தைலம் வாங்கினேன். கடைக்காரப் பையன் காகிதத்தில் சுற்றித் தந்தான். அஞ்சலை மெலிந்திருக்கிறாள். பல் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "என்னக்கா, காடு வா வாங்குற வயசுல வழி தெரிஞ்சுதா?" என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் சீசாவை மேசையில் வைத்தேன். அவள் பார்த்தாள். பிறகு நானே ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு உங்கிட்ட இல்லன்னு பொய் சொன்னேன். நீ என்னடான்னா அந்தாளு கேக்கும்போது வாயத் தொறக்காம இருந்த. அதச் சொல்லத்தான் வந்தேன். முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு, இப்பத்தான் தைரியம் வந்துச்சு."

"யாரு சொன்னா தொறக்கலன்னு?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"'டாக் சாகிட்'னு நாக்கு நுனியில நின்னுச்சுக்கா. நோய் இல்ல, ஏத்திட்டுப் போன்னு. எம் புருசன இழுத்துட்டுப் போனானுங்க. எம் புள்ள மூச்சுக்குத் தவிக்குது. உம் புருசன் அங்க மணக்க மணக்கப் படுத்திருக்கான். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. சொல்லத்தான் வாயெடுத்தேன்." காப்பிக் குவளையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். "பாப்பா முந்திக்கிச்சு. இருமிருச்சு. நான் உன்னையக் காப்பாத்தலக்கா. அவதான்."

நான் அழுதேன், தம்பி. அவள் அழவில்லை. "இம்புட்டுத் தூரம் கொண்டாந்துட்டு மேசையில வெச்சா என்னா அர்த்தம்? முதுகெல்லாம் வலி. தேச்சு விடு" என்று திரும்பி உட்கார்ந்து ரவிக்கையைத் தளர்த்தினாள். சீசாவைத் திறந்தேன். அந்தக் கூடமும் திரையும் பனியும் அப்படியே எழுந்து வந்தன. அவள் முதுகெலும்பு ஒவ்வொன்றும் என் விரலில் பட்டது. சீசா பாதி ஆகும்வரை தேய்த்தேன். அவள் ஒரு மூச்சு இழுத்து, "ஆங், இப்பத்தேவல" என்றாள்.

நீ நாளைக்கு ஒரு மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்கப் போகிறவன். ஊர் புதிது, முகங்கள் புதிது. உன்னிடம் ஒன்று கேட்டு யாராவது வருவார்கள், அது உன் வீட்டுக்கே போதாமல் இருக்கலாம். அப்போது தர முடியாது என்று சொல். நீயே அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். அவர்கள் உன்னைத் திட்டட்டும், சண்டை பிடிக்கட்டும். ஆனால் இருக்கிறதை இல்லை என்று சொல்லாதே. தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அஞ்சலை என் கொண்டையைப் பிடித்து ஆட்டியிருப்பாள், சாவியைப் பிடுங்கியிருப்பாள், பவுனு அந்த மணத்தோடாவது தூங்கியிருக்கும். புருஷனைக் காப்பாற்ற நினைத்தது தப்பு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். மறுபடி அந்த நாள் வந்தாலும் அவரைத்தான் காப்பாற்றுவேன். அந்தப் பெண்ணை நம்பவைத்து ஏமாற்றினேனே, அதற்குத்தான் எனக்கு மன்னிப்பு இல்லை.

விமானம் ஏறுவதற்கு முன்னால் உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு தம்பினுக்கு ஒரு நடை போய்விட்டு வா. சின்னம்மா என்று கூப்பிடு. ஒன்றும் பேச வேண்டாம், காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, போட்டுத் தருகிற காப்பியைக் குடி. அங்கே போய் இறங்கி முதல் மரத்தைப் பார்க்கும்போது பவுனு என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல். மூன்று வயதுக் குழந்தை, கறுப்பாக, உருண்டையாக இருக்கும். உன் அப்பாவுக்கும் உனக்கும் உயிர் கொடுத்தது அதுதான். அதன் பெயரைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு கிழவிகள் மட்டும் இருந்தோம். இப்போது நீயும் சேர்ந்துவிட்டாய்.

நேற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், "பாட்டிக்குச் சளியா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தும் நான் கையைக் கழுவவில்லை. அந்தக் கையால்தான் இத்தனை பக்கமும் எழுதினேன். உறையைப் பிரித்தபோது ஏதோ மணத்ததே என்று நினைத்திருப்பாய், தம்பி. அதுதான்.

உன் அம்மா